திருகிப் பூட்டும் பிளக் பூட்ட முன்

திருகோணமலையில கோவில் திருவிழாவுக்கு ஜெனரேட்டர் லைன் இழுக்கிற தம்பிமார், அண்ணைமார் எல்லாரும் வாசியுங்கோ.

400 வோல்ட் சிவப்புப் பிளக்கில வயர் நிறத்தை மட்டும் நம்பாதேங்கோ. பழைய கேபிளில நீலம் பேஸ் (கரண்ட் வாற வயர்), கறுப்பு நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற வயர்). புதுசில நீலம் நியூட்ரல், கறுப்பு பேஸ்! ரெண்டும் கலந்த இடத்திலதான் எனக்குப் பயம். பிரேக்கரை விழுத்தி, மீற்றர் வைச்சுப் பார்த்த பிறகு கை வையுங்கோ, லைட் எரியிற டெஸ்டர் ஸ்குரூட்ரைவர் போதாது.

எர்த் வயரைக் கொஞ்சம் நீளமா விடுங்கோ, கேபிள் இழுபட்டால் அதுதான் கடைசியாக் கழர வேணும். கரண்ட் வாற பக்கம் எப்பவும் சொக்கெற்தான், பிளக் இல்லை.

கடற்கரைப் பக்கம் உப்புக்காத்தில பச்சை பிடிச்ச பிளக் ஊசியைத் தயவுசெய்து திரும்பப் பாவிக்காதேங்கோ. சந்தேகமெண்டால் பூட்ட முன் போட்டோ எடுத்து இஞ்ச போடுங்கோ.