வெயில் இருந்தும் கரண்ட் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

மாடியில் சோலார் போட்டால் கரண்ட் கட் தொல்லையே இருக்காது என்று சொல்லித்தான் எங்கள் பக்கம் பலர் விற்கிறார்கள். இது பாதி உண்மைகூட இல்லை. மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், நல்ல விஷயம்தான். ஆனால் பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு நேராக இணைக்கும் சோலாரில், லைனில் மின்சாரம் நின்றால் பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும், உச்சி வெயில் கொளுத்தினாலும் ஃபேன் சுற்றாது. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மீது நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது, குறை சொல்ல முடியாது. விற்கும்போதே இதைச் சொல்ல வேண்டாமா?

கட் நேரத்திலும் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரியும், லைன் நின்றாலும் வீட்டுக்கு மட்டும் மின்சாரம் தரும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் வேண்டும், செலவும் ஏறும். நம்மூர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் (புழுதியைத் துடைத்து வைத்தால்!). ஏசி இல்லாத சின்னக் குடும்பத்துக்கு அது பெரும்பாலும் போதும்.

அப்புறம் அடுப்பு. நாலு மாடு கட்டியிருப்பவர்கள்கூட சிலிண்டருக்குக் காத்திருக்கிறார்கள். 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலனுக்கு தினமும் சுமார் 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் போதும், நாலைந்து பேருக்குச் சமைக்கலாம், வெளியே வரும் கரைசல் வயலுக்கு உரம். மார்கழிக் குளிரில் வாயு கொஞ்சம் குறையும், அதையும் சொல்லிவிடுகிறேன். சோலாருக்கு நடத்தும் முகாம்களைப் போல இதற்கும் ஊராட்சிதோறும் நடத்தலாமே?

- ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்