பெயரை நீக்கினால் போதாது: தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாழும் ஒருவன் என்ற முறையில் ஒரேயொரு கோரிக்கையுடன் இம்மடலை எழுதுகிறேன். நிர்வாகத்தின் மிகச் சிறிய அலகான கிராம அலுவலர் பிரிவு மட்டத்திலான சுகாதாரத் தரவுகளை எந்த நிறுவனமும் வெளியே பகிர்வதற்கு முன்னர், அவற்றிலிருந்து எந்தத் தனிமனிதரையும் இனங்காண முடியாது என்பதை உறுதிசெய்யும் கட்டாய விதியொன்றை வகுத்து, அதைத் தமிழிலும் வெளியிடுங்கள்.

அண்மையில் எங்கள் பகுதி அலுவலகமொன்றில் தயாரான காசநோய் அட்டவணை ஒன்று, விழிப்புணர்வுக்காக என்ற குறிப்புடன் சனசமூக நிலையத்தின் வைபர் குழுவுக்கு வந்து சேர்ந்தது. அதில் பெயரும் இல்லை, அடையாள அட்டை இலக்கமும் இல்லை. கிராம அலுவலர் பிரிவு, வயது, பால், தொழில், சிகிச்சை தொடங்கிய மாதம் ஆகியவை மட்டுமே இருந்தன. எங்கள் பிரிவுக்கு நேரே ஒரேயொரு வரி இருந்தது: ஐம்பதைத் தாண்டிய பெண், ஆசிரியை. அந்த மாதத்திலிருந்து பாடசாலைக்கு லீவு போட்டிருந்த ஆசிரியை யார் என்பதை ஊரில் எவரும் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் என் உடன்பிறந்த அக்கா.

அவர் வீட்டு விறாந்தையில் புலமைப்பரிசில் வகுப்பு நடத்தி வந்தவர். சிகிச்சை ஒழுங்காகத் தொடங்கிய சில வாரங்களில் தொற்றும் தன்மை பெரும்பாலும் நீங்கிவிடும் என்று வைத்தியர்கள் விளக்கியிருந்தும், அந்த அட்டவணை வந்தபின் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. பயம் யாருக்கும் வரக்கூடியதே. ஆனால், அருகிலிருந்த சிகிச்சை நிலையத்துக்கு நாள்தோறும் சென்று ஊழியர் முன்னிலையில் மாத்திரை விழுங்கி வந்த அக்கா, அந்தப் படியை மிதிக்கவே மறுத்துவிட்டார். ஆறு மாதம் தொடர வேண்டிய மருந்தை இடையில் விட்டால் மருந்துக்கு அடங்காத காசநோயாக அது மாறலாம் என்று மன்றாடித்தான், விடியப்புறத்து பஸ்ஸில் ஏறித் தொலைவிலுள்ள வேறொரு நிலையத்துக்குச் செல்லச் சம்மதிக்க வைத்தோம். நோயைக் கட்டுப்படுத்தவென்று திரட்டிய தரவு ஒரு நோயாளியைச் சிகிச்சையிலிருந்து துரத்தப் பார்த்தது. இதைச் சிறிய கவனக்குறைவு என்று என்னிடம் சொன்ன உத்தியோகத்தரின் முகத்தை நான் மறக்கப் போவதில்லை.

பெருந்தரவின், அதாவது பெருமளவில் திரட்டி ஆராயப்படும் தரவுகளின், பயனை நான் மறுக்கவில்லை. மாரி மழையோடு டெங்கு பரவும் எங்கள் மாவட்டத்தில், எந்தப் பகுதியில் காய்ச்சல் கூடுகிறது என்று முன்னரே தெரிந்தால் உயிர்கள் காப்பாற்றப்படும். கைத்தொலைபேசி வலையமைப்புத் தரவுகளை, பாவனையாளரின் அடையாளத்தை மறைத்து, போக்குவரத்துத் திட்டமிடலுக்கும் டெங்கு பரவலை எதிர்வுகூறவும் பயன்படுத்த முடியுமா என்று லேர்ன்ஏசியா போன்ற ஆய்வு நிறுவனங்கள் இந்நாட்டிலேயே ஆராய்ந்திருக்கின்றன. இத்தகைய வேலை தொடர வேண்டும். அது தொடர வேண்டுமானால் மக்கள் தங்கள் நோயையும் முகவரியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பெயரை நீக்குவது போதிய பாதுகாப்பன்று என்பது பல காலமாக அறியப்பட்ட விடயம். 1990களில், பெயர் நீக்கி வழங்கப்பட்ட மருத்துவப் பதிவுகளிலிருந்து அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநில ஆளுநரின் பதிவையே லற்றன்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் இனங்கண்டு காட்டினார். அதற்குத் தேவைப்பட்டவை பிறந்த திகதி, பால், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றுமே. 15 இலட்சம் பேரின் கைத்தொலைபேசித் தடங்களை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஆய்வொன்று, ஒருவர் எந்த நேரத்தில் எங்கிருந்தார் என்ற நான்கு குறிப்புகள் போதும், 95 வீதமானோரைத் தனித்தனியே பிரித்தறியலாம் என்று காட்டியது. பெரிய நகரங்கள் கொண்ட நாடுகளின் நிலையே இதுவென்றால், 435 கிராம அலுவலர் பிரிவுகளாகப் பிரிந்து கிடக்கும் எங்கள் மாவட்டத்தில், அதிலும் எழுவைதீவு, அனலைதீவு போன்ற இடங்களில், வயதும் தொழிலும் சேர்ந்தாலே ஒருவரின் பெயரைச் சொன்னதற்குச் சமம். எங்கள் ஊரின் பெயரை இம்மடலில் நான் எழுதாததற்கும் அதுவே காரணம்.

பதிவு என்ற சொல்லுக்கு இங்குள்ள வரலாற்றையும் நீங்கள் மனத்திற்கொள்ள வேண்டும். 2011இன் தொடக்கத்தில் இராணுவத்தினர் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் குடும்பங்களைப் பதிவுசெய்தபோது, அதை நிறுத்துவதற்குத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. அந்த அனுபவமுள்ள மக்களிடம்தான் இப்போது முகம், கருவிழி, கைரேகை ஆகியவற்றைத் திரட்டும் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் வரவிருக்கிறது. இன்றைக்கே, பிறந்த ஆண்டையும் நாளையும் பாலையும் தன் இலக்கங்களுக்குள்ளேயே கொண்டிருக்கும் தேசிய அடையாள அட்டையின் போட்டோப் பிரதியை யார் யாரோ கேட்கிறார்கள், நாமும் கொடுக்கிறோம்; அது எந்த லாச்சியில் கிடக்கிறது, எப்போது அழிக்கப்படும் என்று கேட்டால் பதில் சொல்வார் இல்லை. கேட்பவரையே சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். இவை பற்றியும் பேச நிறைய உண்டு; எனினும் என் கோரிக்கைக்கே திரும்புகிறேன்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நேரடியாக மட்டுமன்றி மறைமுகமாக ஒருவரை இனங்காட்டும் தகவலையும் தனிப்பட்ட தரவாகவே கொள்கிறது; சுகாதாரத் தரவை விசேட வகையில் சேர்க்கிறது. உங்கள் அதிகாரசபை 2023இல் அமைக்கப்பட்டது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த முக்கிய பகுதிகளோ பிற்போடப்பட்டன. தயாராவதற்குக் கால அவகாசம் வேண்டும் என்பது நிறுவனங்களின் நியாயம். அந்த அவகாசத்தில் வெளியே போய்விடும் விபரங்களை எவராலும் திருப்பி வாங்க முடியாது என்பதை யார் கணக்கில் எடுத்தார்கள்?

ஆகவே மீண்டும் கேட்கிறேன். ஒரு பிரிவில் நோயாளிகளின் எண்ணிக்கை குறித்த அளவுக்குக் குறைவாக இருந்தால், அந்தப் பிரிவின் தரவைத் தனியே காட்டாமல், அதைவிடப் பெரிய பிரதேச செயலகப் பிரிவு மட்டத்தில் சேர்த்தே வெளியிட வேண்டும் என்று விதியுங்கள். வயதை வீச்சாகக் காட்டவும், தொழிலை முற்றாக நீக்கவும் கட்டளையிடுங்கள். மீறும் அலுவலகத்துக்கு எதிராகத் தமிழில் முறைப்பாடு செய்யவும் தமிழிலேயே பதில் பெறவும் வழிசெய்யுங்கள். அதற்கு முன்னர், இத்தகைய அட்டவணைகளைப் பகிர்வதை உடனே நிறுத்துமாறு சுகாதாரத் துறையினருக்கு ஓர் அறிவுறுத்தலையாவது அனுப்பிவைக்குமாறு தயவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
யாழ்ப்பாண மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு நோயாளியின் தம்பி