மெஷினை வெளியே எடுக்கவே முடியாதபடி கிச்சன் போட்டுக் கொடுத்தது பற்றிய புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர், மேடவாக்கம், சென்னை
(பெயர், வீட்டு எண், ஆர்டர் எண் ஆகியவை இணைத்துள்ள பில் நகலில் உள்ளன)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, மாடுலர் கிச்சன்

பொருள்: டிஷ்வாஷர், ஓவன், ஹாப் (மேடையில் பதித்த கேஸ் அடுப்பு) மூன்றையும் தவறாகப் பொருத்தியது, சரிசெய்து தரக் கோருவது – தொடர்பாக

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனம் எங்கள் ஃபிளாட்டில் போட்டுக் கொடுத்த கிச்சனில் டிஷ்வாஷர் ஓடுவதில்லை. ஓவன் பாதி வேலையில் அணைந்துவிடுகிறது. இரண்டும் வாரன்டியில் இருப்பதால் மெஷின் கம்பெனியில் பதிவு செய்தேன். அங்கிருந்து வந்த சர்வீஸ் மெக்கானிக் பார்த்துவிட்டு, மெஷினில் கோளாறு இல்லை, பொருத்திய விதம்தான் தவறு, வெளியே எடுத்துப் பார்க்கவும் வழியில்லை என்று ஜாப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தால், "மெஷின் பிரச்சினைக்கு மெஷின் கம்பெனியைக் கேளுங்கள்" என்கிறார்கள். அந்த ஜாப் ஷீட்டைப் படித்த பிறகும் அப்படிச் சொல்வீர்களா என்று பார்க்கத்தான் இந்தக் கடிதம்.

டிஷ்வாஷரில் தொடங்குகிறேன். தண்ணீர் ஏறும் சத்தம் கேட்கும், கொஞ்ச நேரத்தில் எரர் காட்டி நின்றுவிடும். மெக்கானிக் மெஷினைத் தொடுவதற்கு முன்பே பக்கத்து சிங்க் கேபினட்டைத் திறந்து வேஸ்ட் ஹோஸைப் பார்த்தார். அது வளைவே இல்லாமல் நேராக இறங்கித் தரையிலுள்ள நானி ட்ராப் என்கிற வடிகாலுக்குள் போகிறது. அந்த ஹோஸை மேடைக்கு அடியில் உயரமாகத் தூக்கி, ஒரு வளைவு கொடுத்து, கிளிப் போட்டு, அப்புறம்தான் வடிகாலில் இறக்க வேண்டுமாம். அப்படிச் செய்யாவிட்டால் உள்ளே ஏறுகிற தண்ணீரைச் சைஃபன், அதாவது ஹோஸ் வழியாகத் தானாகக் கீழே இறங்கும் ஓட்டம், வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். மெஷின் எவ்வளவு பிடித்தாலும் தொட்டி நிறையாது. ஒரு கிளிப் செலவில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

ஹோஸைத் தூக்கிக் கட்டலாம் என்றால் நீளம் போதவில்லை. பின்னால் எங்கேயோ வெட்டி ஜாயின்ட் போட்டிருக்கிறார்கள். அந்த ஜாயின்ட் கசிந்து சிங்க் கேபினட்டின் அடிப்பலகை ஊறி உப்பிவிட்டது. ஜாயின்ட்டைப் பார்க்க மெஷினை முன்னால் இழுக்க வேண்டும். இழுக்க முடியவில்லை. அடியில் மறைப்பாக வரும் ஸ்கர்ட்டிங் பலகையைக் கிளிப்பில் மாட்டாமல் சிலிக்கான் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். பின்காலை ஏற்றி இறக்கும் திருகு மெஷினுக்கு முன்பக்கம் கீழேதான் இருக்கிறது, ஆனால் ஸ்கர்ட்டிங் அதை மறைக்கிறது. கிரானைட்டுக்கும் மெஷினுக்கும் நடுவே ஆப்பு மாதிரி பிளைவுட் துண்டுகளை அடித்து இறுக்கியிருக்கிறார்கள். உள்ளே வரும் தண்ணீர் ஹோஸும் விறைப்பாக இருக்கிறது. மெஷினை அரை அடி நகர்த்தினாலே இழுத்துக்கொள்ளும்.

இந்தப் பிளைவுட் ஆப்புகளின் கதையும் தெரிந்துவிட்டது. டிஷ்வாஷர் கதவைத் திறந்து பாத்திரம் நிறைந்த தட்டை இழுத்தால் மெஷின் முன்னால் சாயும். அதைத் தடுக்கப் பெட்டியோடு பிராக்கெட்டும் திருகும் கொடுக்கிறார்கள். மேடை கிரானைட் என்றால் மேலே திருக முடியாது, பக்கப் பலகையில் திருக வேண்டும். எங்கள் வீட்டு பிராக்கெட்டுகள் பரணில் இருக்கின்றன, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். நிறுவல் கையேடும் அதே உறைக்குள்தான். உங்கள் ஆட்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஃபோட்டோ இணைத்திருக்கிறேன்.

அடுத்து கரன்ட். டிஷ்வாஷருக்கான பிளக் பாயின்ட் அதன் முதுகுக்கு நேர் பின்னால் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்க மெஷினை எடுக்க வேண்டும், மெஷினை எடுக்கப் பிளக்கைப் பிடுங்க வேண்டும். மெக்கானிக் தன் போனை சிங்க் கேபினட் ஓட்டை வழியாக நீட்டி வீடியோ எடுத்துக் காட்டினார். அங்கே ஒரே 16 ஆம்பியர் பாயின்ட்டில் மல்டி பிளக் மாட்டி, ஓவனையும் டிஷ்வாஷரையும் சேர்த்துச் சொருகியிருக்கிறார்கள். ஓவன் சுமார் 3,000 வாட், டிஷ்வாஷர் தண்ணீரைச் சூடாக்கும்போது சுமார் 2,000 வாட். 230 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்து ஓடினால் 21 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மல்டி பிளக்கின் ஓரம் பழுப்பேறியிருப்பது வீடியோவில் தெரிகிறது. இரண்டுக்கும் தனித்தனி லைன், தனித்தனி எம்சிபி (லோடு கூடினால் கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்), கை எட்டுகிற பக்கத்துக் கேபினட்டில் பாயின்ட் என்பதெல்லாம் கிரானைட் போடுவதற்கு முன்பே உங்கள் டிராயிங்கில் வந்திருக்க வேண்டியவை. கைப்பிடி எந்த நிறம் என்று நாலு தரம் கேட்டவர்கள் இதை ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

ஓவன் ஹாபுக்கு அடியில் இருக்கிறது. ஓவன் நிற்கும் கேபினட்டில் பின்பலகை இருக்கக் கூடாது, காற்று பின்னால் ஏறி வெளியேற வழி வேண்டும். உங்கள் கார்பென்டர் பின்பலகையை அப்படியே விட்டுவிட்டார். அதனால் ஆழம் போதாமல் ஓவன் கட்டைவிரல் அளவு முன்னால் துருத்தி நிற்கிறது. அந்த இடைவெளியை மறைக்கச் சுற்றிலும் பீடிங் பட்டை அடித்து அழகு பார்த்திருக்கிறார். காற்றோட்டம் முழுக்க அடைபட்டுப்போய், சூடு கூடியதும் பாதுகாப்பு கட்-அவுட் ஓவனை நிறுத்திவிடுகிறது. அது ஓவனின் கோளாறு இல்லை, ஓவன் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றார் மெக்கானிக். பக்கத்து ஷட்டரின் (கேபினட் கதவின்) ஓரத்தில் ஒட்டிய எட்ஜ் பேண்டிங் பட்டை உரிந்து வருவதற்கும் காரணம் இந்தச் சூடுதான். ஓவனைப் பிடித்திருக்கும் பக்கவாட்டுத் திருகுகளும் பீடிங்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன.

இப்போது எழுதுவதை மட்டும் தயவுசெய்து இன்றைக்கே படியுங்கள். ஹாபிலிருந்து சிலிண்டருக்குப் போகும் கேஸ் டியூப் ஓவனுக்குப் பின்னால் அதே அடைபட்ட இடத்தில் ஓடுகிறது. ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப்தான், தரமானதுதான். ஆனாலும் அது ரப்பர். கண்ணில் படுகிற இடத்தில், சூட்டிலிருந்து தள்ளி இருக்க வேண்டிய பொருள். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மாற்றியும் ஆக வேண்டும். இதை எப்படி மாற்றுவது? சிலிண்டர் வைத்த கேபினட்டின் கதவில் கீழ்ப்பக்கம் ஒரு காற்றுத் துளைகூட இல்லை. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது. மெக்கானிக் வந்துபோன அன்றிலிருந்து ஓவனைத் தொடுவதில்லை. சிலிண்டர் கேபினட் கதவைக் கழற்றி வைத்துவிட்டு, அடுப்பு வேலை முடிந்ததும் ரெகுலேட்டரையும் அணைத்துவிடுகிறோம்.

ஹாபைப் பற்றிச் சுருக்கமாக: கண்ணாடியைக் கூடவே வந்த ஸ்பாஞ்ச் டேப் மேல் உட்கார வைக்காமல் சிலிக்கானால் கிரானைட்டில் ஒட்டிவிட்டார்கள். இக்னிஷன் ரிப்பேர் வந்தால் கண்ணாடி உடையாமல் தூக்குவது கஷ்டம்.

அந்த மெக்கானிக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் எல்லாப் பக்கமும் ஃபோட்டோ எடுத்தார். ஏன் என்று கேட்டேன். "சார், இழுக்கும்போது கிரானைட் மூளி ஆனாலோ, லேமினேட் உரிஞ்சாலோ எங்க தலையிலதான் விழும். பொருத்தினவங்க யாரும் அப்போ இருக்க மாட்டாங்க" என்றார். வாரத்தில் பாதி நாள் இப்படி உள்ளே புதைத்த மெஷின்களோடுதான் மல்லுக்கட்டுகிறாராம். ஒரு ஓவன் முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். குனிந்து, தனி ஆளாக, எங்கே திருகு இருக்கிறது என்று தெரியாமல் அதை இழுக்க வேண்டும். கடைசியில் ரிப்பேர் செய்யாமல் போனார் என்று வாடிக்கையாளர் குறைந்த ரேட்டிங் கொடுப்பார். உங்கள் ஆள் மிச்சம் பிடித்த அரை மணி நேரத்துக்கு இவர் ஏன் பேச்சு வாங்க வேண்டும்? கோளாறு பொருத்தியதில் என்பதால் வாரன்டியில் வராது என்று விசிட் சார்ஜ் என்னிடம் வாங்கினார்கள். அவர்கள் விதிப்படி சரிதான். அந்தப் பணம் உங்கள் கணக்கில் வர வேண்டியது.

ஆகவே நான் கேட்பது இது. கேஸ் டியூபை முதலில் மாற்றுப் பாதையில் கொண்டுபோய், சிலிண்டர் கேபினட்டுக்குக் காற்றுத் துளை போடுங்கள். அது இந்த வாரமே நடக்க வேண்டும். பிறகு மூன்று மெஷின்களையும் நீங்களே வெளியே எடுத்து, கையேட்டில் உள்ள அளவுப்படி கேபினட்டைத் திருத்தி, லைன்களைப் பிரித்து, திரும்பப் பொருத்துங்கள். எடுக்கும்போது கிரானைட்டுக்கோ கண்ணாடிக்கோ சேதம் வந்தால் பொறுப்பு உங்களுடையது என்று முன்கூட்டியே எழுத்தில் தாருங்கள். ஊறிப்போன அடிப்பலகையையும் உரிந்த ஷட்டரையும் மாற்ற வேண்டும், ஃபெவிகால் வைத்து ஒட்டுவதை ஏற்க மாட்டேன். வேலை முடிந்ததும் அதே சர்வீஸ் மெக்கானிக்கை வரவழைத்து, அவர் சரி என்று எழுதிக் கொடுத்த பிறகே நான் கையெழுத்துப் போடுவேன். அந்த விசிட் சார்ஜும் உங்களுடையது.

பதினைந்து நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். "ஃபிட்டிங் இலவசம்" என்று உங்கள் ஆள் சொல்லிப் பார்த்தார். பில்லில் "கிச்சன், பொருத்துதல் உட்பட" என்று ஒரே தொகையாக இருக்கிறது, எனவே அந்தப் பேச்சு வேண்டாம்.

ஆள் அனுப்பும் நாளை முந்தின நாளே சொல்லிவிடுங்கள். எங்கள் அபார்ட்மென்ட்டில் டிரில் போட அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அனுமதி கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், ஜாப் ஷீட் நகல், விசிட் சார்ஜ் ரசீது, ஃபோட்டோக்கள், வீடியோ