‘அதற்கு மேல்’ என்று அச்சிடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டிஸ்க் டிரைவ் தயாரிக்கும் நிறுவனங்களில், பெட்டியின் பின்பக்க வாசகத்தை எழுதித் தரும் அன்பர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு சின்ன ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதுவதை வாங்குகிறவர்கள் படிக்கிறார்களோ இல்லையோ, நான் படித்தே ஆக வேண்டும். ‘சிஸ்டம் ரெக்வயர்மென்ட்ஸ்’ என்ற தலைப்புக்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி நாலு வரி. பென்டியம் 4 ஆர் அபோவ். 512 எம்பி ரேம் ஆர் அபோவ். விண்டோஸ் எக்ஸ்பி ஆர் அபோவ். அதாவது, அது இருந்தால் போதும், அதற்கு மேல் எது இருந்தாலும் சரி என்று வாக்குக் கொடுக்கிறீர்கள். எனக்கு வழக்கு அந்த ‘மேல்’ மீதுதான்.

போன மாதம் ஓர் அம்மா வந்தார். கையில் புத்தம் புது லேப்டாப், யூஎஸ்பியில் மாட்டுகிற மெலிசான டிவிடி டிரைவ், அப்புறம் ஒரு துணிப்பை. பையில் மகளின் கல்யாண டிவிடி மூன்று, 2009இல் எடுத்தது. “பெட்டியில போட்டிருக்கறது எல்லாமே நம்ம லேப்டாப்ல இருக்குன்னு பையன் பாத்துட்டுத்தான் வாங்குனான் தம்பி. ஆனா ஓடவே மாட்டேங்குது” என்றார். பையன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நீங்கள் 512 எம்பி கேட்டீர்கள், அதில் 16 ஜிபி இருந்தது. நீங்கள் எக்ஸ்பி கேட்டீர்கள், அதில் விண்டோஸ் 11 இருந்தது. எல்லாமே மேல்தான்.

முதல் சிக்கல், உங்கள் டிரைவின் ஒயர் நுழைகிற ஓட்டையே அந்த லேப்டாப்பில் இல்லை. இரண்டு பக்கமும் டைப்-சி என்ற சின்ன ஓட்டை மட்டும். பையன் சாமர்த்தியமாக ஒரு ஓட்டையைப் பலவாக்கித் தரும் ஹப் ஒன்றை வாங்கி, மவுஸ், பென்டிரைவ், உங்கள் டிரைவ் மூன்றையும் அதிலேயே குத்தியிருந்தான். டிஸ்கைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது, உள்ளே ‘டிக்... டிக்...’ என்று சத்தம், மோட்டார் அரைச் சுற்று சுற்றி நின்றது, விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தது, மறுபடி டிக் டிக். கிணற்றடியில் கயிறு எட்டாத வாளி மாதிரி. டிரைவைத் திருப்பிப் பார்த்தால், அடியில் 5 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று இருக்கிறது. பழைய யூஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது அரை ஆம்பியர்தான், யூஎஸ்பி 3.0 தருவது 0.9. பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் அதற்கு மேலேயே தாராளமாக விடுவதால் உங்கள் பிழைப்பு ஓடுகிறது. தனியாக மின்சாரம் இல்லாத ஹப்பில் மூன்று பேர் பங்கு போட்டால் எங்கிருந்து எட்டும்? டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு விநாடிதான் மோட்டார் அதிகமாக இழுக்கும். அங்கேயே மூச்சு வாங்கிவிட்டது.

ஹப்பைக் கழற்றி வைத்துவிட்டு, டைப்-சி ஓட்டையில் பழைய யூஎஸ்பி ஒயரை மாட்ட உதவும் ஒரு சின்ன ஓடிஜியைப் போட்டு நேராக லேப்டாப்பில் மாட்டினேன். விர்ரென்று சுற்றியது. உங்கள் பெட்டியில் ‘யூஎஸ்பி போர்ட்’ என்று மட்டும் இருக்கிறது. எத்தனை ஆம்பியர் வேண்டும், நேராக மாட்ட வேண்டும் என்பதற்கு இடமில்லையாம். உள்ளே இருக்கும் பொருளின் வயிற்றில் அச்சடிக்க மட்டும் இடமிருக்கிறது. அதை வாங்கிப் பிரித்த பிறகுதானே பார்க்க முடியும்?

சரி, சுற்றியது, படம் வந்ததா? வரவில்லை. டிஸ்கைத் திறந்தால் கோப்புகள் வரிசையாக நிற்கின்றன, கல்யாணத்தைக் காணோம். டிவிடிப் படம் எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கப்பட்டது. அதை விரிக்கும் டீகோடருக்கு அப்போது உரிமத் தொகை இருந்தது. விண்டோஸ் 7 ஹோம் பிரீமியத்தில் கேட்காமலே ஓடிய டிவிடி, 2012இல் வந்த விண்டோஸ் 8இல் தானாக ஓடவில்லை. அதற்கப்புறமும் டிவிடி ஓட்டும் வசதி விண்டோஸோடு எல்லோருக்கும் இலவசமாக வரவில்லை. ஆக, விண்டோஸில் மேலே போகப் போக, இந்த விஷயத்தில் கம்ப்யூட்டர் கீழே வந்திருக்கிறது. விஎல்சி என்ற இலவசப் படம் ஓட்டும் மென்பொருளை ஏற்றியதும் நாதஸ்வரம் கேட்டது. அந்த அம்மா கடையிலேயே முகூர்த்தம் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

டிவிடியாவது இந்த அளவோடு போயிற்று. டிவிடியைவிடப் பல மடங்கு தெளிவான படம் தரும் 4கே அல்ட்ரா எச்டி ப்ளூ-ரே டிஸ்க் விவகாரம் இதைவிடக் கூத்து. கம்ப்யூட்டரில் அதிகாரபூர்வமாக அந்தப் படத்தைப் பார்க்க, இன்டெல்லின் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி பிராசஸரில் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். போட்டி நிறுவனமான ஏஎம்டியின் பிராசஸரில் அது எப்போதுமே கிடையாது. இன்டெல் 7ஆம் தலைமுறை கோர் பிராசஸரில் ஓடியது, 10ஆம் தலைமுறை வரை ஓடியது. 11ஆம் தலைமுறையில் இன்டெல் அந்த வசதியையே எடுத்துவிட்டது. ஆகவே ‘7ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல்’ என்று யாராவது அச்சடித்தால், அதை நம்பி 12ஆம் தலைமுறை வாங்குகிறவன் படம் பார்க்க முடியாது. அவன் வீட்டு மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய டப்பாவில்தான் ஓடியது.

இன்னொன்றும் இருக்கிறது. பெரிய காசு போட்டுத் தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியவனும் மானிட்டர் ஒயரை அதிலிருந்து பிடுங்கி, பிராசஸரோடு வரும் சாதாரண இன்டெல் கிராஃபிக்ஸ் போர்ட்டில் மாட்ட வேண்டும். அங்கிருந்து மானிட்டர் வரை வழியில் உள்ள எல்லாமே எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறையைப் பேச வேண்டும். ஒன்று பேசாவிட்டாலும் படம் வராது. இத்தனையும் படம் பார்க்கத்தான். அதே டிரைவில் 25 ஜிபி ப்ளூ-ரேயில் உங்கள் போட்டோக்களை எழுதி வைக்கவோ படிக்கவோ இதில் ஒன்றுகூட வேண்டாம். இந்த வித்தியாசத்தைப் பெட்டியில் தெளிவாகப் போட்டாலே என் கடைக்கு வரும் சண்டையில் பாதி குறையும்.

எஸ்ஜிஎக்ஸை எடுத்தது சரியா தப்பா என்று நான் பேச வரவில்லை. அதில் ஓட்டைகள் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். என் கேள்வி உங்களிடம் மட்டும்தான். உங்கள் டிரைவுக்கு ‘குறைந்தபட்சம்’ இருப்பது போலவே ‘அதிகபட்சம்’ ஒன்றும் இருக்கிறது. அதை ஏன் சொல்வதில்லை?

வாங்குகிறவர் தன் கம்ப்யூட்டரைச் சோதிப்பது கஷ்டமே இல்லை. விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் டிஎக்ஸ்டயாக் (dxdiag) என்று அடித்தால் பிராசஸர், ரேம், விண்டோஸ் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். பத்தாவது படிக்கிற பையன் செய்வான். 4கே ப்ளூ-ரேக்கு சைபர்லிங்க் நிறுவனம் ஒரு சோதனை மென்பொருளையே இலவசமாகத் தந்தது, எது இருக்கிறது எது இல்லை என்று வரிசையாகச் சொல்லிவிடும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் பக்கத்தில் ஒழுங்கான பட்டியல் வேண்டுமே. அளவு நாடா சரியில்லாமல் சட்டை தைத்து என்ன பயன்?

ஆகவே அடுத்த முறை அச்சுக்குப் போகும்போது பென்டியம் 4 வரியைத் தூக்கிவிடுங்கள். அதை வைத்திருப்பவர் இன்று உங்கள் டிரைவை வாங்க வரப்போவதில்லை. அந்த இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று போடுங்கள். டைப்-சி லேப்டாப்புக்குத் தனி ஒயர் வேண்டுமா, படம் ஓட்டும் மென்பொருள் கூடவே வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று போடுங்கள். எந்தெந்த பிராசஸரில், எந்தெந்த விண்டோஸில் நீங்களே ஓட்டிப் பார்த்தீர்கள் என்று பெயரைச் சொல்லி, எந்த மாதம் வருடம் பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள். ஓட்டிப் பார்க்காததற்கு ‘மேல்’ போடாதீர்கள்.

அந்த அம்மாவின் மூன்றாவது டிஸ்க் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கீறல் விழுந்து, மறுவீட்டுப் பகுதி வரவில்லை. அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
பெட்டியின் பின்பக்கத்தையும் படிக்கிற ஒருவன்