நடராசரைத் திருப்பிப் போடாதீர்கள்: பச்சை குத்தும் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் டாட்டூ கடை நடத்தும் கலைஞர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் என் தங்கை மகன் தன் மேற்கையில் நடராசர் உருவத்தைக் குத்திக்கொண்டு வந்து காட்டினான். கோடுகளின் நேர்த்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உடுக்கை இடக்கையிலும் தீ வலக்கையிலும் இருந்தன, ஊன்றியிருக்க வேண்டிய வலக்கால் தூக்கியிருந்தது. தூக்கிய கால் முன்பக்கமாக நீண்டால் எடுப்பாக இருக்கும் என்று கணினியில் படத்தைத் திருப்பிப் போட்டார்களாம்.

அவ்வுருவத்தில் இடமும் வலமும் அலங்காரத்திற்காக அமைந்தவை அல்ல. சைவ சித்தாந்த சாத்திரங்களுள் ஒன்றான உண்மை விளக்கம், உடுக்கையில் படைத்தலையும், அஞ்சேல் என்று காட்டி அமைந்த கையில் காத்தலையும், தீயில் அழித்தலையும், ஊன்றிய பாதத்தில் மறைத்தலையும், தூக்கிய பாதத்தில் அருளலையும் வைத்து, இறைவனின் ஐந்தொழிலையும் அந்த ஒரே உருவத்தில் காட்டுகிறது. இடப்பாகம் உமைக்குரியது என்பதால், தூக்கிய இடப்பாதத்தை அம்மையின் பாதமாகவே வணங்குவோர் உண்டு. இடம் போதவில்லை என்று, ஊன்றிய பாதத்தின் கீழே அறியாமையின் உருவாகக் கிடக்கும் முயலகனை விட்டுவிடுவோரும் இருக்கிறார்கள். காலடியில் அறியாமை இல்லையென்றால் அந்தப் பாதம் எதன்மேல் ஊன்றுகிறது?

மதுரை வெள்ளியம்பலத்தில் வலக்கால் தூக்கிய நடராசர் இருக்கிறாரே என்று நீங்கள் கேட்கலாம். நின்ற கால் நோகுமே என்று பாண்டியன் ஒருவன் உருகி வேண்டியதால் அங்கே அவர் கால் மாறி ஆடினார் என்பது திருவிளையாடல். என் தங்கை மகனின் கையில் கால் மாறியதற்கு அப்படி ஒரு கதையும் இல்லை.

பிள்ளையாருக்கும் இதே கதிதான். பிள்ளையார்பட்டிக் கற்பக விநாயகரின் துதிக்கை வலப்புறம் சுழித்திருப்பதால்தான் அவரை வலம்புரி என்கிறோம். படத்தைத் திருப்பினால் அவர் இடம்புரி ஆகிவிடுவார். தட்சிண காளிக்கு வாளும் வெட்டுண்ட தலையும் இடக்கைகளில், அபயமும் வரமும் வலக்கைகளில். திருப்பிய படத்தில் அவள் அஞ்சேல் என்று காட்ட வேண்டிய பக்கத்தில் வாள் இருக்கும்.

உடலில் எந்த இடம் என்பதும் பேச வேண்டியதே. 2015-இல் பெங்களூருவில், முழங்காலுக்குக் கீழே எல்லம்மன் உருவம் குத்தியிருந்த ஆஸ்திரேலியர் ஒருவரைச் சிலர் சூழ்ந்து மிரட்டினர். மிரட்டியவர்கள் பக்கம் நான் இல்லை. ஆனால் கால் தவறுதலாகப் பட்டாலே தொட்டுக் கும்பிடும் மக்களிடையே, காலில் தெய்வம் வேண்டும் என்று ஒருவர் வந்து அமர்ந்தால் ஊசியை எடுப்பதற்கு முன் அதைச் சொல்லிவிடுவது உங்கள் கடமை. நம் பாட்டிமார் முன்கையில் பச்சை குத்திக்கொண்டது பெரும்பாலும் கோலமும் தேளுமாக இருந்ததால் அவர்களுக்கு இந்தச் சிக்கலே எழவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. ஸ்டென்சிலைத் தோலில் ஒட்டுமுன், எழும்பூர் அருங்காட்சியகத்திலுள்ள சோழர் காலச் செப்புத்திருமேனிகளில் ஒன்றன் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பார்ப்பவரின் இடப்பக்கம் உடுக்கை, வலப்பக்கம் தீ இருக்க வேண்டும். வேறு பக்கம் பார்க்கும் உருவம்தான் வேண்டுமென்று வாடிக்கையாளர் கேட்டால், நடராசரை விட்டுவிட்டு மயிலையோ வேலையோ வரைந்து கொடுங்கள். அவற்றைத் திருப்பினாலும் பொருள் கெடாது.

இப்படிக்கு,
தெய்வத் திருமேனிகளைப் பார்த்துப் பழகிய ஒருவன்