காசு கொடுத்து வாங்கிய 500 இணைப்புகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறு வியாபாரிகள் கூகுளில் முன்னால் வர "முதலில் பேக்லிங்க் சேருங்கள், எழுத்தெல்லாம் அப்புறம்" என்று ஞாயிற்றுக்கிழமை தங்கள் வணிகப் பக்கத்தில் ஒரு யோசனை வந்திருந்தது. பேக்லிங்க் என்றால் வேறு தளங்கள் நம் தளத்தைச் சுட்டிக் கொடுக்கும் இணைப்பு. நான் சாயல்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்கிறேன். இதே யோசனையை நம்பி 18,000 ரூபாயை விட்டவன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்கா மகன் ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தான். நாலு படம், விலை, போன் நம்பர், அவ்வளவுதான். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அப்போதுதான் ஒருவர் போனில் பிடித்தார்: ஒரே மாதத்தில் 500 இணைப்பு, முதலிடம் நிச்சயம். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருப்பது எனக்கு அன்று தெரியாது. பணம் கட்டி இரண்டு மாதம் கழித்து, அதே அக்கா மகன், நம் தளத்துக்கு யார் யார் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்து பட்டியலைக் காட்டினான். சூதாட்டத் தளங்கள், ரஷ்ய மொழியில் ஏதோ, மூடிப்போன ஒரு செருப்புக் கடை. இவர்களுக்கும் கருப்பட்டிக்கும் என்ன சம்பந்தம்? ஒரு ஆர்டர்கூட வரவில்லை.

இணைப்புக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. லாரி பேஜும் செர்ஜி பிரினும் 1998-ல் கூகுளைத் தொடங்கியதே அதை நம்பித்தான். ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் சாட்சி சொல்கின்றன, சொல்கிறவருக்கு எவ்வளவு மதிப்பு என்று பார்ப்பது அவர்கள் வழி. சாட்சியை விலைக்கு வாங்க ஆரம்பித்ததும் சிக்கல் வந்தது. 2012 ஏப்ரலில் கூகுள் தேடலில் பென்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, அப்படி இணைப்பு வாங்கிய தளங்களைக் கீழே தள்ளினார்கள். 2016-க்குப் பிறகு பெரும்பாலும் தள்ளுவதுகூட இல்லை, அந்த இணைப்புகளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. என் 500-ம் அப்படித்தான் போயிருக்கும். சீனி கலந்த கருப்பட்டி மாதிரி, எடை மட்டும் நிற்கும்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது. "அண்ணாச்சி, கருப்பட்டி கசியுது, கெட்டுப்போச்சா?" என்று தினமும் நாலு போன். பதில் சொல்லிச் சலித்துப்போய், அதையே ஒரு பக்கமாக எழுதிப் போட்டேன். கருப்பட்டி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஓலைக் கொட்டானில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் புகைச் சூட்டில் காய்ந்துவிடும். என் அம்மா அப்படித்தான் வைப்பாள். கேஸ் அடுப்பு வைத்திருப்பவர்கள் வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைக்கலாம்.

எழுதியதும் கூட்டம் வந்துவிடவில்லை. நாலு மாதம் ஈ ஓட்டினேன். பிறகு கோயம்புத்தூரில் சமையல் குறிப்பு எழுதும் ஒரு அம்மா, எங்களிடம் வாங்குகிறவர், அந்தப் பக்கத்தைத் தன் தளத்தில் சுட்டிக்காட்டினார். கேட்காமல் வந்த ஒரே ஒரு இணைப்பு. அதன் பிறகுதான் "கருப்பட்டி ஏன் கசிகிறது" என்று தேடுகிறவர்கள் எங்களிடம் வர ஆரம்பித்தார்கள். வெறும் படமும் விலையும் மட்டும் இருந்திருந்தால் அந்த அம்மா எதைச் சுட்டிக்காட்டியிருப்பார்?

இந்தக் கடற்கரையில் கருவாடு, முண்டு வத்தல், ஓலைப்பெட்டி விற்கும் பலர் இப்போது வெப்சைட் திறக்கிறார்கள். விளம்பரம் என்று குறிக்காமல் விலைக்கு வாங்கும் இணைப்பு கூகுள் விதிக்கு விரோதமானது என்ற ஒரு வரியையாவது அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கருப்பட்டி வியாபாரி,
சாயல்குடி.