பாகத்தை மாற்றுமுன் பழுதைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதிலும், புதிய காரின் விலை நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாததால், திருகோணமலை வீதிகளில் பழைய கார்கள் இன்னும் பல ஆண்டுகள் ஓடத்தான் போகின்றன. அவற்றின் எஞ்சின் கோளாறுகளைச் சோதித்தறியாமல், ஊகத்தில் பாகங்களை மாற்றும் வழக்கம் பற்றியே இதை எழுதுகிறேன்.

என்னுடையது மொரிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியக் கார். காலையில் சிரமமின்றி ஸ்டார்ட் ஆகும். கந்தளாய்க்குப் புறப்பட்டால் பாதி வழியில் இழுவை குறைந்து நின்றுவிடும். கால் மணி நேரத்தின் பின் ஒன்றும் நடவாததுபோல் ஓடும். ஒரு கராஜில், பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும் கொயிலை மாற்றினார்கள். இன்னொன்றில், பெற்றோலைக் காற்றுடன் கலக்கும் காபரேட்டரைக் கழற்றிப் பூட்டினார்கள். பெற்றோல் பம்பும் புதிதாயிற்று. கோளாறு மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவர், கார் நின்ற இடத்திலேயே பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறக்கச் சொன்னார். காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டது. பெற்றோல் குறையக் குறைய அவ்விடத்தை நிரப்பக் காற்று நுழைய வேண்டிய மூடித் துவாரம் அடைபட்டிருந்ததால், தாங்கிக்குள் அழுத்தம் குறைந்து, பம்பினால் பெற்றோலை இழுக்க முடியாமற் போயிருக்கிறது. வண்டி நிற்கும்போது காற்று மெல்லக் கசிந்து புகவே மறுபடி ஓடியிருக்கிறது. ஓர் ஊசியால் தீர்ந்த வேலைக்கு நான் மூன்று பில் கட்டியிருந்தேன்.

சூடேறியதும் கொயிலோ, பொறி உண்டாக்கும் மின்சுற்றிலுள்ள கண்டென்சர் என்ற சிறு பாகமோ பழுதுபட்டாலும் இதே அறிகுறி தோன்றும் என்பதால், முதலில் எழுந்த சந்தேகத்தை நான் குறைகூறவில்லை. ஆனால் கார் நின்ற கணத்தில், பெற்றோலைப் பற்றவைக்கும் பிளக்கில் பொறி வருகிறதா, காபரேட்டருக்குப் பெற்றோல் வந்து சேர்கிறதா என்ற இரண்டையும் பார்த்திருந்தால், கோளாறு எந்தப் பக்கம் என்பது அங்கேயே தெரிந்திருக்கும். குளிர்ந்தபின் கராஜில் நிறுத்திப் பார்ப்பதில் பயனில்லை. எஞ்சின் சீரின்றித் துடித்தாலும் அவ்வாறே: பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது எந்த சிலிண்டரில் வேகம் குறையவில்லையோ, அதுவே வேலை செய்யாதது. பிளக்கின் கரி நிறம் பெற்றோல் மிகுதியையும், வெளிறிய வெண்மை அதன் குறைவையும் காட்டும். கடற்காற்று வீசும் எமது ஊரில், மின்சுற்றைக் காரின் உலோக உடலோடு இணைக்கும் ஏர்த் வயர் முனைகளின் துருவையும் முதலிலேயே பார்ப்பது நல்லது.

புதிய கார்களின் கணினியிலிருந்து கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் இவ்வகை வண்டிகளில் உதவாது. எனவே தொழிற்பயிற்சி நிலையங்கள் இச்சோதனைகளையும் கற்பிக்க வேண்டும். கராஜ்காரர்கள் ஒரு பாகத்தை மாற்றும்போது, எந்தச் சோதனையின்படி அது பழுதெனக் கண்டார்கள் என்பதைப் பில்லிலேயே ஒரு வரியில் எழுதித் தர வேண்டும்.

பழைய கார் உரிமையாளர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.